நாலு ரயரும் மாற்ற வேண்டி வந்த கதை

என்னிடம் இருப்பது பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் செடான். ஆனையிறவு தாண்டி வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்ததில் முன் இடது ரயரின் பக்கவாட்டில் முட்டை அளவுக்கு வீக்கம். உள்ளே நூல் அறுந்தால்தான் அப்படி வீங்கும். ஒட்டுப் போட்டுச் சரிவராது.

ஒன்றை மட்டும் மாற்றுவோம் என்றுதான் நினைத்தேன். கராஜ் அண்ணை விடவில்லை. "தம்பி, இது நாலு சில்லும் இழுக்கிற கார். புதுசு ஒண்டும் தேய்ஞ்சது மூண்டுமா ஓடினா சுற்றளவு பிசகும். முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற நடு டிஃபரன்ஷல் சூடேறிப் பழுதாப் போகும்."

சரி, நாலும். பழையதில் 205/55 ஆர்16 91வி என்று இருந்தது. முன்பாதி ரயரின் அளவு. 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீற்றர் வேகம். முதல் கடையில் மலிவாக எச் காட்டினார்கள், அது 210தான். ஏ9 வீதியில் யார் 240 ஓடப்போகிறார்கள் என்று கடைக்காரர் சிரித்தார். வேகம் மட்டுமில்லை, சூட்டைத் தாங்குவதும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது கடையில் வி இருந்தது. கறுப்புப் பூச்சில் புத்தம் புதிதாக மினுங்கியது. குனிந்து பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 3817. 2017ஆம் ஆண்டின் 38ஆவது கிழமை செய்தது! பேசாமல் எழும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவது கடையில்தான் அண்மையில் செய்த நாலும் கிடைத்தன. பூட்டி, அலைன்மென்ற் பார்த்து, கதவோர ஸ்ரிக்கரில் உள்ளபடி காற்றடித்தோம். பழசுகளை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. மாரி மழையில் தண்ணி தேங்கினால் நுளம்புக்கு முன்னமே பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்பார்.