அந்தப் பில்லியன் எந்தக் கணக்கில்? சிங்கப்பூர்ப் போக்குவரத்து நிதிச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரவுசெலவுத் திட்டமும் அதையடுத்து நாடாளுமன்றத்தில் அமைச்சு வாரியான விவாதமும் நடக்கும் வாரங்களில், ரயில் பாதைக்கு இத்தனை பில்லியன், பேருந்துக்கு இத்தனை மில்லியன் என்று செய்திகள் குவியும். தொகைகள் பெரும்பாலும் சரியாகத்தான் வெளிவருகின்றன. அது எத்தனை ஆண்டுக்கான பணம், யாருடைய பையிலிருந்து போகிறது, எதை வாங்குகிறது என்பதைப் பார்க்காமல் படிக்கும்போதுதான் கணக்கு தடம் மாறுகிறது.

முதலில் சைபர்களைச் சரிபார்த்துவிடலாம். ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு மில்லியன் பத்து லட்சம். 60 பில்லியன் வெள்ளி என்றால் 6,000 கோடி வெள்ளி. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் இது 60,000 கோடி ஆகிவிடுவதுண்டு. கோடியில் எண்ணிப் பழகியவர்கள் பில்லியன் தொகையை நூறால் பெருக்கினால் போதும்.

அந்த 60 பில்லியனையே எடுத்துக்கொள்வோம். ரயில் கட்டமைப்பை விரிவாக்கவும் புதுப்பிக்கவும் பத்தாண்டுகளில் 60 பில்லியன் வெள்ளிக்கு மேல் செலவிடப்படும் என்று 2020ல் அரசாங்கம் அறிவித்தது. இதை ஓர் ஆண்டுச் செலவாகப் படிப்பது ஒரு தவறு. ஆண்டுக்கு 6 பில்லியன் என்று சமமாக வகுப்பது இன்னொரு தவறு. வடிவமைப்பு நடக்கும் ஆண்டுகளில் செலவு குறைவு. சுரங்கம் தோண்டும் ஆண்டுகளில் ஏறும். புதுப்பிப்புப் பணிகளும் இதற்குள் அடக்கம் என்பதால், தொகை முழுவதும் புதிய பாதைகளுக்கு என்று நினைக்கவும் வேண்டாம்.

2024ல் வந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் இதே கதிதான். ரயில் நம்பகத்தன்மைக்குக் கூடுதலாக ஒரு பில்லியன், ஐந்தாண்டுகளுக்கு: சராசரியாக ஆண்டுக்கு 200 மில்லியன். பேருந்து இணைப்பை மேம்படுத்தும் திட்டத்துக்கு 900 மில்லியன் வரை, எட்டு ஆண்டுகளுக்கு: சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 112 மில்லியன். பேருந்து, ரயில் சேவைகள் ஓடுவதற்கே அரசாங்கம் ஆண்டுதோறும் 2 பில்லியனுக்கு மேல் மானியம் தருகிறது. இந்த மூன்றில் ஆண்டுக் கணக்கில் மிகப் பெரியது இதுதான். ஆனால், ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லாத செலவு என்பதாலோ என்னவோ, அதிகம் பேசப்படுவதில்லை.

சிஓஇ பணத்தில்தான் எம்ஆர்டி கட்டுகிறார்கள்

இல்லை. சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் வரும் தொகை, இஆர்பி எனப்படும் மின்னியல் சாலைக் கட்டணம், வாகனப் பதிவு வரி எல்லாமே அரசாங்கத்தின் பொது வருவாயில் சேர்கின்றன. கார்க்காரர் கட்டிய வெள்ளி பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், மருத்துவமனைக்கும் போகலாம். சாலையில் வசூலித்ததைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடு இங்கே இல்லை.

அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பெரிய கார்களுக்கான பிரிவில் சிஓஇ கட்டணம் 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. 2024 ஜனவரியின் முதல் ஏலத்தில் 85,010க்கு இறங்கியது. மூன்றே மாதத்தில் இப்படி ஆடும் வருமானத்தை நம்பிப் பத்தாண்டுச் சுரங்கப் பணியைத் தொடங்க முடியாது. ஆகவே, “சிஓஇயில் இவ்வளவு சம்பாதித்துவிட்டு ரயில் கட்டணத்தை ஏன் ஏற்றுகிறார்கள்” என்பது அரசியல் கேள்வியாகக் கேட்கத் தக்கதே. ஒரு கணக்கிலிருந்து எடுத்து மறுகணக்கில் போடாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்ற பொருளில் கேட்டால் மட்டும் அது நிற்காது.

டி-பில் வாங்கினால் ரயில் பாதைக்குக் கடன் கொடுத்ததாகுமா?

ஆகாது. நம்மவர்களில் பலர் குறுகியகால அரசாங்கக் கடன் பத்திரமான டி-பில்லும் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரமும் வாங்குவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். அரசாங்கம் இவற்றின் மூலம் கடன் வாங்குகிறது. ஆனால் திரட்டிய பணத்தைச் செலவு செய்யச் சட்டம் இடம் தருவதில்லை, முதலீடுதான் செய்யலாம். ‘சிங்கப்பூரின் கடன்’ என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டி, எம்ஆர்டி கட்டியே நாடு கடனாளியாகிவிட்டது என்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கட்டுமானத்துக்காகவே கடன் வாங்க வழிவிட்டது 2021ல் நிறைவேறிய ‘சிங்கா’ எனப்படும் முக்கிய உள்கட்டமைப்புக் கடன் சட்டம். அதில் வேலிகள் நிறைய. மொத்தக் கடன் 90 பில்லியனைத் தாண்டக் கூடாது. ஆண்டு வட்டிக்கு 5 பில்லியன் வரம்பு. திட்டம் குறைந்தது 4 பில்லியன் வெள்ளி மதிப்புடையதாகவும், குறைந்தது 50 ஆண்டு பயன்தருவதாகவும், அரசாங்கத்துக்குச் சொந்தமானதாகவும், தேசிய முக்கியத்துவம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 90 பில்லியன் என்பது உச்சவரம்பு. ‘அரசாங்கம் 90 பில்லியன் கடன் வாங்கிவிட்டது’ என்று எழுதுவது, கடன் அட்டையின் வரம்பைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதற்குச் சமம்.

இந்தச் சட்டத்தின் கீழ், சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் முதல் பசுமைப் பத்திரம் 2022 ஆகஸ்ட்டில் வெளியானது: 2.4 பில்லியன் வெள்ளி, 50 ஆண்டு, 3.04 விழுக்காட்டு ஈவு. இந்த ஒரு வெளியீட்டுக்கே வட்டி ஆண்டுக்கு 70 மில்லியனுக்கு மேல் வரும். ஜூரோங் வட்டார ரயில் பாதையும் குறுக்குத் தீவு ரயில் பாதையும் பசுமைப் பத்திரங்களின் வழி நிதி பெறத் தகுதியுள்ள திட்டங்கள். 2060ல் அந்த ரயிலில் போகிறவரும் செலவில் பங்கேற்கட்டும் என்பதுதான் ஏற்பாட்டின் அடிப்படை.

பல ஆண்டு வரவுசெலவுகளை ஒப்பிடுபவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. சிங்கா திட்டங்களுக்கான செலவு ஓர் இடத்தில் மூலதனமாக்கப்பட்டு அந்த ஆண்டின் பற்றாக்குறைக் கணக்கிலிருந்து விலக்கப்படும். பிறகு தேய்மானமாகவும் வட்டியாகவும் தனி வரிகளில் திரும்பி வரும். 2021க்கு முந்திய ஆண்டின் மொத்தத்தையும் பிந்திய ஆண்டின் மொத்தத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பற்றாக்குறை குறைந்தது, கூடியது என்று சொன்னால் தவறாகத்தான் முடியும். அந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

சாலை, மழைக்கூரை நடைபாதை, பேருந்து நிறுத்தம் போன்ற சிறு பணிகள் 4 பில்லியனை எட்டாதவை. அவை வழக்கம்போல் ஆண்டு வருவாயிலிருந்தே நடக்கும்.

கட்டணமும் சுரங்கமும்

நாம் தட்டும் அட்டையிலிருந்து போகும் காசு சுரங்கம் தோண்டப் போவதில்லை. சுரங்கம், நிலையம், தண்டவாளம் ஆகியவை அரசாங்கச் செலவு. கட்டணம் போவது சேவை நடத்த: ஊழியர், மின்சாரம், பராமரிப்பு. புதிய ரயில் நிதிக் கட்டமைப்பு வந்த பிறகு ரயில்களும் சமிக்ஞைக் கருவிகளும்கூட நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சொந்தம். ரயிலை ஓட்டும் நிறுவனம் உரிமக் கட்டணம் செலுத்துகிறது. அது ரயில் பொருள்களை மாற்றுவதற்கான தனி நிதியில் சேர்கிறது.

2016ஐப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு தொகைகளைக் குழப்பிக்கொள்வது வாடிக்கை. அந்த ஆண்டு அக்டோபரில், ரயில் நடத்தும் நிறுவனமான எஸ்எம்ஆர்டியின் ரயில் இயக்கச் சொத்துகளை ஆணையம் வாங்கியது. புத்தக மதிப்பு 991 மில்லியன். பொருள் சேவை வரியும் சேர்ந்து 1.06 பில்லியன். ஏறக்குறைய அதே காலத்தில் அரசாங்கத்துக்குச் சொந்தமான முதலீட்டு நிறுவனம் தெமாசெக், எஸ்எம்ஆர்டியின் மற்றப் பங்குகளைப் பங்குக்கு 1.68 வெள்ளி வீதம் வாங்கி நிறுவனத்தைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது; அது சுமார் 1.18 பில்லியன். முன்னது சொத்து விற்பனை, பின்னது பங்கு விற்பனை. இரண்டையும் கூட்டி ‘மீட்பு நிதி’ என்று பேர் வைப்பது பிழை.

கட்டண உயர்வுச் செய்தியில் வரும் ‘ஒத்திவைக்கப்பட்ட விழுக்காடு’ இதைவிட மோசமாக ஏமாற்றும். பொதுப் போக்குவரத்து மன்றம் சூத்திரப்படி அனுமதிக்கப்படும் உச்சத்தைக் கணக்கிட்டு, ஒரு பகுதியை ஏற்றி, மீதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுகிறது:

2022: உச்சம் 13.5, ஏற்றியது 2.9, தள்ளியது 10.6
2023: உச்சம் 22.6, ஏற்றியது 7, தள்ளியது 15.6
2024: உச்சம் 18.9, ஏற்றியது 6, தள்ளியது 12.9
2025: உச்சம் 14.4, ஏற்றியது 5, தள்ளியது 9.4

கடைசி எண்களைக் கூட்டி, ‘நாம் இன்னும் 48.5 விழுக்காடு பாக்கி’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டின் உச்சத்துக்குள்ளும் முந்திய ஆண்டு தள்ளியது ஏற்கெனவே இருக்கிறது. 2023ன் 22.6ல் பழைய 10.6ஐக் கழித்தால் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது 12. 2024ல் புதிதாகச் சேர்ந்தது 3.3, 2025ல் 1.5 மட்டுமே. 2025க்குப் பின் நிற்கும் பாக்கி 9.4, அவ்வளவுதான். ஒத்திவைப்பின் சுமையைத் தாங்க அரசாங்கம் 2023ல் 300 மில்லியனும் 2024ல் 250 மில்லியனும் கூடுதல் மானியம் தந்தது. அந்தப் பணம் தள்ளிவைத்த விழுக்காட்டை அழிக்கவில்லை. அந்த ஆண்டின் இடைவெளியை நிரப்பியது, விழுக்காடு அப்படியே அடுத்த மறுஆய்வுக்குப் போனது.

மதிப்பீடு என்பது விலையல்ல

டௌன்டவுன் ரயில் பாதைக்கு முதலில் சொன்னது 12 பில்லியன். பின்னர் அது 20.7 பில்லியன் ஆனது. மரினா கரையோர விரைவுச்சாலை 5 கிலோமீட்டர்தான். தொடக்க மதிப்பீடு 2.5 பில்லியன், 2013 டிசம்பரில் திறந்தபோது சுமார் 4.3 பில்லியன். கடலிலிருந்து மீட்ட நிலத்தின் மென்மண்ணும் கட்டுமான விலையேற்றமும் சேர்ந்து செய்த வேலை அது. ஆரம்பகட்ட மதிப்பீட்டை விலையாக எண்ணி வைத்துக்கொள்வது ஒரு தவறு என்றால், ஒரே ஒரு குத்தகையின் தொகையைத் திட்டச் செலவாக எழுதுவது அதன் அண்ணன். கட்டடப் பணிக் குத்தகையில் ரயிலும் இல்லை, சமிக்ஞையும் இல்லை, நிலம் கையகப்படுத்தியதும் இல்லை.

பெயரைப் பார்த்து ‘இது சாலைப் பணம், அது பொதுப் போக்குவரத்துப் பணம்’ என்று பிரிப்பதிலும் கவனம் வேண்டும். 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு வழித்தடம் முதலில் வெறும் விரைவுச்சாலையாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு பேருந்துத் தடங்களும் சைக்கிள் பாதையும் சேர்க்கப்பட்டன.

உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால், நிதி அமைச்சின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துடனும் வரும் வருவாய், செலவு மதிப்பீட்டு ஆவணத்தைத் திறங்கள். போக்குவரத்து அமைச்சு ‘டபிள்யூ’ தலைப்பில் இருக்கும். வளர்ச்சிச் செலவு அட்டவணையில் திட்டங்கள் வரிசையாக வரும்: மொத்தத் திட்டச் செலவு, இதுவரை செலவானது, சென்ற ஆண்டின் முதல் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, வரும் ஆண்டைத் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். திருத்திய தொகை முதல் மதிப்பீட்டைவிடக் குறைந்திருந்தால், உடனே ‘நிதி வெட்டு’ என்று தலைப்பு போட வேண்டாம். பணி தாமதமாகிச் செலவு அடுத்த ஆண்டுக்கு நகர்ந்திருக்கலாம். கொவிட் காலத்தில் பல கட்டுமானங்களுக்கு அதுதான் நடந்தது. மொத்தத் திட்டச் செலவுப் பத்தி மாறியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம்.

உங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு மழைக்கூரை வேண்டும் என்று கேட்கப் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான்: யாருடைய பணம்? ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் கூரையிட்ட நடைபாதைகளை நிலப் போக்குவரத்து ஆணையம் ஒரு தனித் திட்டத்தில் கட்டியது. குடியிருப்புப் பேட்டைக்குள் வருவது பெரும்பாலும் நகர மன்றத்தின் பொறுப்பு. அதற்கு வேறு நிதி. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகும் முன், கூரை வேண்டிய இடம் எந்தப் பக்கம் விழுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போனால், ஆணையத்துக்கு எழுதி ‘எங்கள் இடமல்ல’ என்ற பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.