முதலில் சக்தியைப் பிடுங்குங்கள்: அனிமேஷன் கதை எழுதுவோருக்கு ஒரு செய்முறை

போன வருடம் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றுக்குக் கதை எழுதினேன். செல்வி என்ற சிறுமிக்கு நிழல்களைப் பிடித்து இழுக்கும் சக்தி உண்டு. தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வரும் ஒருவனிடம் அவள் தோற்கிறாள். இறந்துபோன பாட்டியை நினைத்து அழுகிறாள். உடனே ஊர் நிழல்கள் எல்லாம் எழுந்து அவனை மூடிவிடுகின்றன. இதைப் படித்துக் காட்டியபோது ஒன்பது வயதான என் அக்கா மகள் கேட்டாள்: "அழுதால் சக்தி வந்துவிடுமா மாமா? அப்படியானால் முதலிலேயே அழுதிருக்கலாமே!"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரம் போதும் என்று நினைக்கிறேன். கதைக்கரு, பாத்திரங்கள், அவர்களின் ஊர் எல்லாம் கையில் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை: கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. திரைக்கதை மென்பொருளை இப்போது திறக்காதீர்கள். அது உங்களை வசனம் எழுத வைத்துவிடும்; நமக்கு வேண்டியது உடலசைவு. வரைந்ததை ஓட்டிப் பார்க்கும் கட்டம் வரும்போது கிரிட்டா என்ற வரைகலை மென்பொருள் போதும். இலவசம், என் பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

பாடப்புத்தகமாக நான் வைத்துக்கொண்டது 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அனிமேஷன் தொடரை. நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றில் ஒன்றை உடலசைவால் ஆளத் தெரிந்தவர்களின் கதை அது; நான்கையும் கற்க வேண்டிய சிறுவன் ஆங்தான் நாயகன். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் வந்தது, 61 அத்தியாயங்கள். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே முடிவு வரை சொல்லப்போகிறேன்.

படி 1: சக்தியை ஓர் அசைவாக எழுதுங்கள்

"அவளால் நிழலை ஆள முடியும்" என்று எழுதினால் வரைபவருக்கு அதில் ஒன்றுமில்லை. கை எப்படிப் போகிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்று எழுதுங்கள். அவதாரில் நீருக்குத் தாய் சி, நிலத்துக்கு ஹுங் கார், நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று ஒவ்வொரு சக்திக்கும் ஒரு சீனத் தற்காப்புக் கலையை அடித்தளமாக வைத்தார்கள். அதனால் நிற்கும் விதத்திலேயே குணம் தெரிந்துவிடுகிறது. காற்றுக்காரனான ஆங் எதையும் சுற்றிக்கொண்டு நழுவுகிறவன். நிலத்தை ஆளும் சிறுமி டோஃப் அவனுக்குப் பாறையை நகர்த்தக் கற்றுத்தரும்போது உடல் ஒத்துழைக்காததற்கு அதுதான் காரணம். குழியில் சிக்கிய நண்பன் சோக்காவைக் காப்பாற்ற, பாய்ந்து வரும் மிருகத்தின் எதிரே விலகாமல் நிற்கிறான். அதன்பிறகு டோஃபையும் எதிர்த்து நிற்கிறான். அப்புறம்தான் பாறை நகர்கிறது. நிற்கத் தெரிந்ததுதான் அங்கே வளர்ச்சி, அதுவே சக்தியும்.

படி 2: சக்தியைப் பிடுங்குங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. வளர்ச்சி என்றால் சக்தி கூடும், படம் பெரிதாகும், வெளிச்சம் தெறிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆங்கைத் துரத்திக்கொண்டிருந்த நெருப்பு நாட்டு இளவரசன் ஸூகோவைப் பாருங்கள். மூன்றாம் பருவத்தில் தந்தையை விட்டுவிட்டு, நல்லவர்கள் பக்கம் வந்து சேர்கிறான். வந்ததும் அவன் நெருப்பு சுருங்கிப்போகிறது. ஆங்குக்குக் கற்றுத்தர வந்த ஆசானின் கையிலிருந்து ஒரு சின்னப் புகைச்சல்தான் வருகிறது! அதுவரை அவன் நெருப்புக்கு விறகாக இருந்தது கோபம். கோபம் அடங்கியதும் விறகு தீர்ந்தது. பிறகு சூரிய வீரர்களின் பழைய நகரத்தில் இரண்டு டிராகன்களின் முன்னால் நின்று, நெருப்பு அழிப்பது மட்டுமல்ல, உயிரும் அதுதான் என்று உணர்ந்தபின்தான் வேறொரு நெருப்பு வருகிறது.

ஆக, நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். இப்போது இந்தச் சக்தி எதைத் தின்று வாழ்கிறது? அது தீர்ந்தால் உடலில் முதலில் எது தளரும்? இரண்டாவதற்குப் பதில் எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. "செல்வி சோர்ந்துபோகிறாள்" என்று எழுதுவேன், அடிப்பேன். கடைசியில் கிடைத்தது இதுதான்: பாட்டி தன்னை விட்டுப் போய்விட்ட ஆத்திரத்தில் முஷ்டியை இறுக்கித்தான் அவள் நிழலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் வடிந்த நாளில் முஷ்டி மூடுகிறது, உள்ளே நிழல் இல்லை. விரல்களைப் பிரித்துப் பார்க்கிறாள். வசனமே தேவைப்படவில்லை.

படி 3: எதிரி நிற்கும் இடத்தில் நிற்கவையுங்கள்

எதிரியைப் புரிந்துகொள்வது என்றதும் பலர் மன்னிப்புக் காட்சி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கின் தோழியும் நீரை ஆள்பவளுமான கட்டாரா, தன் தாயைக் கொன்றவனைத் தேடிப்போகிறாள். பெய்யும் மழையையே நிறுத்தி, பனி ஈட்டிகளாக்கி, அவன் முகத்துக்கு நேரே தொங்கவிடுகிறாள். அவன் எவ்வளவு அற்பமானவன் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். மன்னிக்கவில்லை என்றும் சொல்கிறாள்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸூகோவின் பெரியப்பா ஐரோ. நெருப்பு நாட்டுத் தளபதியான அவர், எதிரிகளான நீர்க்காரர்களைக் கவனித்துத்தான் மின்னலைத் திருப்பிவிடும் முறையை உண்டாக்கினார். ஒரு கையின் விரல்நுனியில் வாங்கி, தோள்வழியே வயிற்றுக்கு இறக்கி, மறுகை வழியே வெளியேற்ற வேண்டும். இதயத்தைத் தொடவிடக் கூடாது. அடுத்தவனைப் புரிந்துகொண்டது அங்கே வெறும் உணர்ச்சியாக நிற்காமல் புதிய அசைவாகவே ஆகிவிட்டது.

செல்விக்கும் அதையே செய்தேன். விளக்கணைப்பவன் நின்ற அதே இடத்தில், அதே விளக்கின் கீழ் அவளை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது: அவன் நிழலின் விரலைப் பிடித்தபடி இன்னொரு சின்ன நிழல். பக்கத்தில் குழந்தை யாரும் இல்லை. வெளிச்சம் இருந்தால் அது தெரியும் என்பதால்தான் அவன் விளக்குகளை அணைக்கிறான். செல்வி இந்த முறை இழுக்கவில்லை. விரித்த கையால் அந்தச் சின்ன நிழலைத் தூக்கி, அவன் நிழலின் தோளில் உட்காரவைக்கிறாள்.

படி 4: சக்திக்கு ஒரு விலை வையுங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங் விளையாட்டாக நெருப்பைச் சுழற்றி கட்டாராவின் கைகளைச் சுட்டுவிடுகிறான். நெருப்பே வேண்டாம் என்று வெகுகாலம் ஒதுங்குகிறான். அதே புண்ணை நீரில் நனைக்கும்போதுதான் தன்னால் குணப்படுத்த முடியும் என்று கட்டாரா அறிகிறாள். ஒரே காயத்திலிருந்து இரண்டு கதை.

இந்தத் தொடரும் சறுக்கிய இடம் உண்டு. ஆங்கின் பெருஞ்சக்தி திறக்க உடலின் ஏழு சக்கரங்களிலும் அடைப்பு நீங்க வேண்டும் என்று சொல்லும் அத்தியாயத்தில், பயம் மூலாதாரத்தை அடைக்கும், பற்று கடைசிச் சக்கரத்தை அடைக்கும் என்று அழகாகக் கட்டுகிறார்கள். மூலாதாரம் என்ற சொல்லை விநாயகர் அகவலில் கேட்டு வளர்ந்த எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஆனால் இறுதிச் சண்டையில் அடைப்பு திறப்பது ஒரு பாறை ஆங்கின் முதுகில் இடிப்பதால்! பற்றைப் பற்றி ஒரு முடிவும் அவன் எடுக்கவில்லை. என் அழுகைக் காட்சி செய்த தவறேதான் இது.

பிற்சேர்க்கை 1: வில்லனுக்கும் இது பொருந்துமா என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். ஸூகோவின் தங்கை அசூலாவைப் பாருங்கள். முதலில் வரும்போது மின்னல் பயிற்சியில் ஒரு முடி கலைந்ததற்கே முகம் சுளிக்கிறாள். தோழிகள் விலகியபின், தன் முடியைத் தானே தாறுமாறாக வெட்டிக்கொண்டு இறுதிச் சண்டைக்கு வருகிறாள். வலு குறையவில்லை, பிடி நழுவிவிட்டது. வில்லனுக்கு இரண்டாம் படியை இப்படி எழுதலாம்.

பிற்சேர்க்கை 2: மூன்றாம் படியில் பாத்திரம் தானே எல்லாவற்றையும் விளக்கிப் பேசத் தொடங்கிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் வசனங்களை மட்டும் அடித்துவிட்டுப் படங்களை ஒரு குழந்தையிடம் காட்டுங்கள். புரியவில்லை என்றால் அசைவு இன்னும் கிடைக்கவில்லை.

நானும் காட்டினேன். அக்கா மகளுக்கு எல்லாம் புரிந்தது. "செல்வியின் பாட்டிக்கும் நிழல் இருக்குமே, அது எங்கே?" என்றாள். ஆறாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.