ரீப்பரை நிறுவி நம் கைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் முறை: எல்லாம் ஒரு கோப்புறையில்தான் இருக்கிறது

என் மகளின் வயலின் பயிற்சியை ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றுதான் ரீப்பர் என்னும் இசைப்பதிவு மென்பொருளை என் விண்டோஸ் மடிக்கணினியில் நிறுவினேன். நிறுவி முடிக்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரே ஒரு சிறிய கோப்பை உரிய இடத்தில் வைக்கத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மைக்கை எங்கே செருகுவது, டிராக் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் ரீப்பர் என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். முதலாவது விலை. 60 நாட்கள் முழு வசதிகளுடன் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர்களுக்கும் சிறு தொழில் செய்பவர்களுக்கும் 60 டாலர், பெரிய வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். இரண்டாவது, இதன் முகப்பில் ஏறக்குறைய எதையும் நம் விருப்பப்படி மாற்றலாம். இதை உருவாக்கியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். 1997இல் வின்ஆம்ப் பிளேயரை எழுதிய அதே மனிதர். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வின்ஆம்புக்கு விதவிதமான ஸ்கின் மாற்றிப் பார்த்த தலைமுறைக்கு, ரீப்பரின் தோற்றத்தை மாற்றும் தீம் கோப்புகளைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வராமல் இருக்காது.

முதல் படி: நிறுவுதல்

ரீப்பரின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து 64 பிட் பதிப்பைப் பதிவிறக்குங்கள். கோப்பு சுமார் 15 எம்.பி.தான் இருக்கும்; இவ்வளவு சிறியதாக இருக்கிறதே, தவறான கோப்போ என்று நானும் முதலில் சந்தேகப்பட்டேன். நிறுவும்போது "போர்ட்டபிள் இன்ஸ்டால்" என்றொரு கட்டம் கண்ணில் படும். அதை டிக் செய்யாவிட்டால் நிரல் ஒரு இடத்திலும் உங்கள் அமைப்புகள் வேறொரு இடத்திலும் போய் உட்காரும். டிக் செய்தால் இரண்டும் ஒரே கோப்புறைக்குள் இருக்கும், அதை அப்படியே பென்டிரைவில் தூக்கிக்கொண்டு போகலாம்.

என் பரிந்துரை போர்ட்டபிள்தான். மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் காலத்தில் எதையாவது மாற்றிக் கெடுப்போம் என்பது உறுதி. கோப்புறையை முன்கூட்டியே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால் கெட்டுப்போனதை நீக்கிவிட்டுப் பழையதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை "புரோகிராம் ஃபைல்ஸ்" கோப்புறைக்குள் மட்டும் நிறுவாதீர்கள். சாதாரணப் பயனர் கணக்கில் அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காது என்பதால் அமைப்புகள் சேமிக்கப்படாமல் போகக்கூடும். டி டிரைவில் "ரீப்பர்" என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதில் நிறுவுங்கள்.

இரண்டாம் படி: ஒலியை வரவழைத்தல்

கண்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரிஃபரன்சஸ் திறக்கும். அதில் ஆடியோ, டிவைஸ் என்று போங்கள். தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் வெளிச்சாதனம்) வைத்திருப்பவர்கள் அதன் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் ஒலி இயக்கியை, நிறுவி அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் விண்டோஸிலேயே இருக்கும் வாசபி என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லோரும் சொல்கிறார்களே என்று பொதுவான ஏசியோ டிரைவர்களைத் தேடி நிறுவத் தொடக்கநிலையில் அவசியமில்லை என்பது என் கருத்து.

பஃபர் என்பது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் தொகுப்பு; மாதிரி வேகம் என்பது ஒரு வினாடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை. பஃபர் அளவு 256 என்றும் மாதிரி வேகம் 44,100 என்றும் வைத்தால், ஒரு பஃபர் நிரம்ப 5.8 மில்லி வினாடி ஆகும். 1,024 என்று வைத்தால் 23 மில்லி வினாடிக்கு மேல் போய்விடும். ஒலி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இந்தத் தாமதம் சேர்வதால், வில்லை இழுத்த பிறகு ஹெட்ஃபோனில் ஒலி பின்னால் ஓடி வருவதுபோல் கேட்கும். பதிவு செய்யும்போது பஃபரைக் குறைத்தும், பதிவுக்குப் பிறகு டிராக்குகளைக் கலவை (மிக்ஸிங்) செய்யும்போது கூட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். குறைத்ததும் படபடவென்று வெடிப்பொலி கேட்டால் உங்கள் கணினியால் அவ்வளவு விரைவாக வேலை செய்ய முடியவில்லை என்று பொருள். ஒரு படி கூட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: அந்தக் கோப்புறை

இதுதான் என்னை வீழ்த்திய இடம். ரீப்பருக்கு ரீபேக் என்றொரு துணைநிரல் உண்டு. தீம்கள், ஸ்கிரிப்டுகள், விளைவுகள் எல்லாவற்றையும் ரீப்பருக்குள் இருந்தபடியே தேடி நிறுவவும் புதுப்பிக்கவும் அது உதவும். அதை நிறுவுவது மிக எளிது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும்: டி.எல்.எல். கோப்பைப் பதிவிறக்கு, "யூசர்பிளகின்ஸ்" என்ற கோப்புறையில் போடு, ரீப்பரை மூடித் திற, அவ்வளவுதான். நிறுவப்பட்டிருந்தால் மேலே மெனு வரிசையில் "எக்ஸ்டென்ஷன்ஸ்" என்ற புதிய மெனு தோன்ற வேண்டும்.

எனக்குத் தோன்றவில்லை. முதலில் 32 பிட் கோப்பைத் தவறாக எடுத்துவிட்டேனோ என்று நினைத்து மறுபடியும் பதிவிறக்கினேன். பிறகு வைரஸ் தடுப்பு மென்பொருள் மீது பழி போட்டு அதைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரீப்பரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். எதுவும் பலிக்கவில்லை. மாலையில் மகள் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்னைக்கும் ரெக்கார்டிங் இல்லையாப்பா?" என்று கேட்டபோதுதான் மெனுக்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் படிக்கத் தொடங்கினேன்.

நடந்தது இதுதான். என் கணினியில் இரண்டு ரீப்பர்கள் இருந்தன. முதல் வாரம் சாதாரண முறையில் ஒன்றை நிறுவியிருந்தேன். பிறகு டி டிரைவில் போர்ட்டபிளாக இன்னொன்றை நிறுவியிருந்தேன். தினமும் நான் திறந்தது இரண்டாவதை. ஆனால் நான் படித்த வழிகாட்டி, சாதாரண முறையில் நிறுவியவர்களுக்காக எழுதப்பட்டது. அதன்படி பயனர் கணக்கிலுள்ள "ஆப்டேட்டா", அதற்குள் "ரோமிங்", அதற்குள் "ரீப்பர்" என்று போய், முதல் ரீப்பருக்குச் சொந்தமான கோப்புறையில் கோப்பைச் சமர்த்தாக வைத்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு வந்த கடிதத்தை அடுத்த வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, இந்த வீட்டில் பதில் எதிர்பார்த்துக் காத்திருந்த கதைதான். நிரலை நீக்கி மறுபடி நிறுவியதும் பயன் தரவில்லை, ஏனென்றால் அமைப்புக் கோப்புறையை அது தொடவே இல்லை.

ஆகவே எந்த வழிகாட்டி எந்த முகவரியைச் சொன்னாலும் அதைக் கையால் தேடிப் போகாதீர்கள். ரீப்பரைத் திறந்து, ஆப்ஷன்ஸ் மெனுவில் கடைசிப் பகுதிக்குப் போய், "ஷோ ரீப்பர் ரீசோர்ஸ் பாத்" என்று தொடங்கும் வரியை அழுத்துங்கள். நீங்கள் இப்போது இயக்கிக்கொண்டிருக்கும் ரீப்பர் எந்தக் கோப்புறையை உண்மையில் பயன்படுத்துகிறதோ அதுவே திறக்கும். அதில் "யூசர்பிளகின்ஸ்" என்பதற்குள் ரீபேக் கோப்பை வைத்து, ரீப்பரை மூடித் திறங்கள். எனக்கு அந்த மெனு வந்தபோது மணி இரவு எட்டு.

அந்தக் கோப்புறை திறந்திருக்கும்போதே உள்ளே ஒரு பார்வை பார்த்து வைப்பது நல்லது. தீம்கள் "கலர்தீம்ஸ்" கோப்புறையில் இருக்கும். டிராக் மாதிரிகளுக்கும் ஸ்கிரிப்டுகளுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் உண்டு. "ரீப்பர்-கேபி" என்ற கோப்பில் உங்கள் குறுக்குவிசைகளும், "ரீப்பர்-மெனு" என்ற கோப்பில் டூல்பார் மாற்றங்களும் சேமிக்கப்படும். முகப்பில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கின்றன.

ரீப்பருக்குக் கூடுதல் செயல்களைத் தரும் எஸ்.டபிள்யூ.எஸ். என்ற இன்னொரு துணைநிரலையும் பலர் பரிந்துரைப்பார்கள், நானும் பரிந்துரைக்கிறேன். அதற்காகத் தனியாக அலைய வேண்டாம். ரீபேக்கின் தொகுப்புப் பட்டியலில் அதன் பெயரைத் தேடி, வலது சொடுக்கி நிறுவச் சொல்லி, அப்ளை கொடுத்து, ரீப்பரை ஒருமுறை மூடித் திறந்தால் போதும்.

நான்காம் படி: பிளகின்கள்

பிளகின் என்பது ரீப்பருக்குள் இயங்கும் ஒலி விளைவு அல்லது இசைக்கருவி நிரல்; வி.எஸ்.டி. என்பது அதன் பரவலான வடிவம். வி.எஸ்.டி.3 வகைப் பிளகின்களுக்கு விண்டோஸில் நிலையான இடம் உண்டு. அவற்றை ரீப்பர் தானாகவே கண்டுபிடித்துவிடும். பழைய வி.எஸ்.டி.2 வகைக்கு அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது, ஒவ்வொரு நிறுவியும் ஒவ்வொரு கோப்புறையைச் சொல்லும். நிறுவும்போது எந்த இடத்தைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிரிஃபரன்சஸில் பிளகின்ஸ், வி.எஸ்.டி. என்ற பக்கத்தில் அந்தப் பாதையைச் சேர்த்து, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வகையும் கிடைத்தால் வி.எஸ்.டி.3ஐ மட்டும் நிறுவுங்கள். தொடக்கத்துக்கு ரீப்பரோடு வரும் ஈக்யூவும் (தாழ், உயர் ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரெஸரும் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) தாராளமாகப் போதும். சின்தசைசர் வேண்டுபவர்கள் சர்ஜ் எக்ஸ்.டி.யை எடுத்துக்கொள்ளலாம், அது இலவசம், திறந்த மூலம்.

ஐந்தாம் படி: முகப்பு

உயர் தெளிவுத் திரையில் எழுத்துகள் எறும்பு அளவுக்குத் தெரிந்தால், பிரிஃபரன்சஸில் ஜெனரல் பக்கத்திலுள்ள "அட்வான்ஸ்டு யூ.ஐ." பட்டனை அழுத்தி அளவையும் ஹை டி.பி.ஐ. முறையையும் சரிசெய்து, மென்பொருளை மூடித் திறங்கள். தீம் மாற்ற வேண்டுமானால் பதிவிறக்கிய தீம் கோப்பை ரீப்பர் சன்னலின் மீது இழுத்துப் போட்டாலே போதும். பளபளக்கும் கறுப்புத் தீம்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் இயல்பான தீமிலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள் என்பேன், ஏனென்றால் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், பட்டன் இடம் மாறியிருந்தால் நீங்கள் தேடித் தவிப்பீர்கள்.

தீமைவிட மவுஸ் சக்கரம்தான் முக்கியம். ரீப்பரில் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராது, காலக்கோடு பெரிதாகிச் சிறிதாகும். பழக்கப்பட்டவர்களுக்கு இது வசதி. எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல். மாற்றும் முறை இது: கேள்விக்குறி விசையை அழுத்தினால் ஆக்ஷன் பட்டியல் திறக்கும். தேடும் இடத்தில் "ஸ்க்ரோல் வெர்ட்டிகலி" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். மவுஸ்வீல் என்று பெயரில் உள்ள வரியைத் தேர்ந்து, கீழே குறுக்குவிசை சேர்க்கும் பட்டனை அழுத்திவிட்டு, விசைக்குப் பதிலாகச் சக்கரத்தை ஒருமுறை உருட்டுங்கள். இது ஏற்கெனவே வேறு செயலுக்குப் பயன்படுகிறது என்று எச்சரிக்கை வரும். பரவாயில்லை, மாற்று என்று சொல்லிவிடுங்கள்.

அதே பட்டியலில் "நியூ ஆக்ஷன்" வழியாகப் பல செயல்களை ஒன்றாகக் கோக்கலாம். புதிய டிராக்கைச் சேர்ப்பது, அதைப் பதிவுக்குத் தயார்ப்படுத்துவது, கேட்டபடி பதிவு செய்யும் மானிட்டரை இயக்குவது ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி "வயலின்" என்று பெயரிட்டேன். பிறகு டூல்பாரின் மீது வலது சொடுக்கி, கஸ்டமைஸ் என்பதைத் தேர்ந்து, அந்தச் செயலை ஒரு பட்டனாகச் சேர்த்தேன். இப்போது மகளே அந்தப் பட்டனை அழுத்திப் பதிவைத் தொடங்கிவிடுகிறாள். மானிட்டரை இயக்கும்போது ஹெட்ஃபோன் கட்டாயம். ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தால் மைக் அதையே மறுபடி வாங்கிக் கூவத் தொடங்கும். உங்கள் இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் ரீப்பரின் மானிட்டரைச் சேர்க்காதீர்கள், ஒரே சுரம் இரண்டு முறை கேட்கும்.

சன்னல்கள் ஒவ்வொரு இடமாகச் சிதறிப்போனால் கவலை வேண்டாம். வியூ மெனுவில் ஸ்க்ரீன்செட்ஸ் என்பதைத் திறந்து, பிடித்த அமைப்பு ஒன்றைச் சேமித்து வைத்தால் பிறகு எஃப்7 அழுத்தியதும் அது திரும்பி வரும். பதிவுக்கு ஒன்று, மிக்ஸர் விரிந்த கலவைக்கு ஒன்று என இரண்டு வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் மேக் பயனர் ஒருவர், ரீப்பரின் கோப்புறை இருக்கும் "லைப்ரரி"யே தன் கணினியில் தென்படவில்லை என்றார். மேக்கில் அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அவருக்கும் விடை அதே ஆப்ஷன்ஸ் மெனு வரிதான்.

இன்னொருவர், ரீப்பரில் ஒலியை நிறுத்திவிட்டு, ஆனால் அதை மூடாமல், பிரவுசரில் காணொளி பார்த்தால் சத்தம் வருவதில்லை என்று எழுதினார். சில ஏசியோ டிரைவர்கள் ஒலிச்சாதனத்தைத் தமக்கே என்று பிடித்து வைத்துக்கொள்வதால் இப்படி ஆகும். பிரிஃபரன்சஸில் ஆடியோ பக்கத்தில், மென்பொருள் பின்னணிக்குப் போனதும் ஒலிச்சாதனத்தை மூடிவிடும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் சரியாகும்.

மூன்றாமவருடையது நானும் செய்திருக்கக்கூடிய தவறு. பழைய கணினியிலிருந்து "ரீப்பர்.ஐ.என்.ஐ." கோப்பைப் புதிய கணினியின் கோப்புறையில் ஒட்டினாராம், ரீப்பரை மூடித் திறந்ததும் எல்லாம் பழையபடி வெறுமையாக இருந்ததாம். ரீப்பர் மூடும்போது தன் நினைவில் உள்ள அமைப்புகளை அந்தக் கோப்பில் எழுதிவிடும். ஆகவே திறந்திருக்கும்போது ஒட்டிய கோப்பு அழிந்துபோகும். முதலில் மூடுங்கள், பிறகு ஒட்டுங்கள். அல்லது பழைய கணினியிலேயே பிரிஃபரன்சஸின் ஜெனரல் பக்கத்தில் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி, எல்லா அமைப்புகளையும் ஒரே கோப்பாக எடுத்து, புதிய கணினியில் அதே பக்கத்திலிருந்து இம்போர்ட் செய்யுங்கள். அவர் அப்படித்தான் செய்தார். டூல்பார் முதல் குறுக்குவிசை வரை எல்லாம் வந்துவிட்டதாகவும், பிளகின் பாதையை மட்டும் புதிய டிரைவுக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்ததாகவும் மறுநாள் எழுதினார்.