முதலில் விழப் படிக்க வேண்டும்: ஐகிடோ தொடங்குபவர்களுக்கு

எங்கள் கிளப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "போட்டி எப்போ வைப்பீங்க?" என்றுதான். கராத்தேயிலும் சிலம்பத்திலும் மெடல் வாங்கி வரும் பிள்ளைகள் நிறைந்த குமரி மாவட்டத்தில் அது நியாயமான கேள்வி. ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவில் பொதுவாகப் போட்டி கிடையாது. இதை உருவாக்கிய மொரிஹெய் உவேஷிபா (1883–1969), தக்கேதா சோகாகுவிடம் தைத்தோ-ரியூ ஜுஜுத்சு என்ற ஜப்பானியச் சண்டைக்கலையைப் படித்தவர். கையை ஒடிக்கக்கூடிய பூட்டுகள் அதில் உண்டு. அவற்றையே எடுத்து, ஒருவர் தாக்க ஒருவர் சாய்க்க, பிறகு இருவரும் இடம் மாற்றிச் செய்யும் பயிற்சியாக ஆக்கினார். ஐகிடோ என்ற பெயர் 1942இல் நிலைத்தது. அவருடைய மாணவர் கென்ஜி தொமிக்கி போட்டியுள்ள ஒரு கிளையை உண்டாக்கினார். மற்ற பெரும்பாலான கிளைகளில் இன்றும் வெற்றி தோல்வி இல்லை.

"நம்ம ஆசான்மாரு இருக்கும்போ ஜப்பான் வித்தை எதுக்கு?" என்றும் கேட்பார்கள். நம்ம ஊர்த் தற்காப்புக் கலைகளான அடிமுறையும் வர்மமும் படிக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் படியுங்கள். அவற்றில் பூட்டும் (மூட்டைப் பிடித்து மடக்குவது) பிரிவும் (பிடியிலிருந்து விடுபடுவது) பழகிய ஒருவர் எங்களிடம் வந்தபோது, நாங்கள் மாதக்கணக்கில் தடுமாறிய மணிக்கட்டுப் பிடியை ஒரே மாலையில் புரிந்துகொண்டார். இரண்டுக்கும் சண்டையில்லை.

வகுப்புக்குப் போகும் முன்

முதல் மாதத்துக்கு முழு நீள டிராக் பேண்டும் பழைய டி-ஷர்ட்டும் போதும். நகம் வெட்டுங்கள். மோதிரம், செயின், சிலுவை மாலை, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். காலைக் கழுவிவிட்டு, பயிற்சிக்கு விரித்திருக்கும் மேட்டில் (mat) ஏறுங்கள். பின்னால் வெள்ளைச் சீருடை வாங்கும்போது இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டுவது ஜப்பானில் பிணத்துக்கு மட்டும்.

வஜ்ராசனத்தில் உட்காரத் தெரிந்தால், சேய்சா என்ற ஜப்பானிய உட்காரும் முறை உங்களுக்குப் புதிதில்லை. அப்படி உட்கார்ந்து குனிந்து வணங்கி, "ஒனெகாய்ஷிமஸ்" என்று சொல்லித் தொடங்குவோம். 'தயவு செய்து என்னோடு பழகுங்கள்' என்ற பொருளில் சொல்வது. உங்கள் உடம்பை எதிரில் இருப்பவரிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள், அவர் தன் உடம்பை உங்களிடம். அதனால் அந்த வணக்கத்தை அவசரமாக முடிக்காதீர்கள்.

விழுவது

இதற்குப் பெயர் உக்கெமி. என் கருத்தில் முதல் மூன்று மாதமும் இதற்கே கொடுக்கலாம். சேர்ந்த மூன்றாவது வாரம், பின்னால் சாயும்போது பயத்தில் கையைத் தரையில் ஊன்றினேன். மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் வகுப்பு போயிற்று. எங்கள் அண்ணன் அப்போது சொன்னது: "கையை ஊணாதே மக்கா, முதுகைக் குடு."

பின்னால் விழ, முதலில் நின்றபடி ஒரு காலைப் பின்னே எடுத்து மடக்கி, பாதத்தின் மேற்புறம் மேட்டில் படும்படி வையுங்கள். அந்தக் குதிகாலுக்குப் பக்கத்திலேயே மெல்ல உட்காருங்கள். தூரத்தில் உட்கார்ந்தால் முதுகெலும்பு அடி வாங்கும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, கண்ணை இடுப்பு முடிச்சில் வையுங்கள். முதுகு தேங்காய் ஓடுபோல வளைந்தால் நீங்களாகவே உருளுவீர்கள். தலை மேட்டைத் தொடக் கூடாது. உருண்ட வேகத்திலேயே திரும்பி எழுங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து முறை.

முன்னால் உருளுவது அதைவிடப் பயம் தரும். ஆகவே முழங்காலில் இருந்து தொடங்குங்கள். வலது கையை வட்டமாக வளைத்து, சுண்டுவிரல் ஓரம் மேட்டில் படும்படி, விரல்நுனி உங்களையே பார்க்கும்படி வையுங்கள். முகத்தை இடது பக்கம் திருப்புங்கள். இனி உடம்பு போக வேண்டிய வழி ஒன்றுதான்: சுண்டுவிரல் ஓரம், முன்கை, வலது தோள், முதுகின் குறுக்கே இடது இடுப்பு. முழங்கை மடங்கினால் தோள் இடிக்கும். தோள் இடித்தால் வேகம் கூட்டாதீர்கள், திரும்ப முழங்காலுக்கே வாருங்கள். வீட்டுச் சிமெண்ட் தரையில் இதைச் செய்ய வேண்டாம். சொத்தவிளை கடற்கரையில் காய்ந்த மணல் பக்கம் நாங்கள் பழகியிருக்கிறோம். அலை நனைத்த மணல் கல்போல இறுகியிருக்கும், அங்கே போகாதீர்கள்.

பிடித்த கையோடு திரும்புவது

விழ வந்துவிட்டால், தென்கான் என்ற இந்தத் திரும்பும் அசைவைப் பழகலாம். உங்கள் வலது காலும் வலது கையும் முன்னே இருக்கட்டும். துணைவர் எதிரே நின்று தன் இடது கையால் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறார். இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால் அவர் இன்னும் இறுக்குவார், பலம் கூடியவர் ஜெயிப்பார். கையை அங்கேயே விட்டு, முழங்கையைத் தாழ்த்தி, உள்ளங்கையை மேலே திருப்புங்கள். வலது காலை அவருடைய இடது காலுக்கு வெளிப்பக்கம் நகர்த்துங்கள். அந்தக் காலின் மேல் சுழன்று, இடது காலைப் பின்னே கொண்டு வாருங்கள். இப்போது நீங்கள் இருவரும் ஒரே திசையைப் பார்த்து, இடுப்போடு இடுப்பாக நிற்பீர்கள். பிடி அப்படியே இருக்கும், ஆனால் உங்கள் கை உங்கள் தொப்புளுக்கு நேரே வந்திருக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்கு எதிராகக் குடை பிடித்தவர்களுக்கு இது சட்டென விளங்கும். குடையைத் திருப்பினால் காற்று உங்களோடு வரும்.

பிடிப்பவருக்கும் வேலை உண்டு. உண்மையாகப் பிடிக்க வேண்டும். சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் துணைவர் ஒன்றும் படிக்க மாட்டார். மூட்டைப் பூட்டும்போது வலித்தால் மேட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தட்டின சத்தம் கேட்ட நொடியில் விட்டுவிட வேண்டும். எங்கள் கிளப்பில் இதை மீறினவர் அன்று முழுவதும் ஓரத்தில் உட்கார வேண்டும், எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும்.

வாரம் இரண்டு வகுப்பு போதும், ஆனால் விடாமல் வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆளோடு பழகுங்கள். ரப்பர் வெட்டுகிற கையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கையும் வேறு வேறு மாதிரி பிடிக்கும். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் மேட் வியர்க்கும். ஏறும் முன் பழைய துண்டால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.