வாசல் பெயரைத் தாண்டிப் பாருங்கள்: பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தேடும் முறை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஆடி மாதம் பிறந்தால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விண்ணப்பம் போடும் காலமும் அதுதான். கூழுக்கு வரிசையில் நிற்கும்போதே யாராவது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "டீச்சர், பெரியவனை எந்த யுனிவர்சிட்டிக்குப் போடலாம்? கேப் டவுன்தானே நல்லது?"

31 ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது சனிக்கிழமைகளில் கோயிலில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வரிசையில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் மனதில் "பெரிய யுனிவர்சிட்டி" என்று இருக்கும் பெயர் எந்தக் காலத்தில் அங்கே போய் உட்கார்ந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் அப்பா காலத்துப் பெயராக இருக்கும். பல்கலைக்கழகத்தின் மதிப்பு மலை மாதிரி ஓரிடத்தில் நிற்பதில்லை. இந்த நாட்டில் அதைச் சட்டம் போட்டே ஏற்றினார்கள், இறக்கினார்கள்.

ஃபோர்ட் ஹேரை எடுத்துக்கொள்ளுங்கள். 1916-இல் தொடங்கிய கல்லூரி. மண்டேலா, ஆலிவர் டாம்போ, ராபர்ட் சொபுக்வே என்று நிறவெறியை எதிர்த்துப் போராடிய தலைவர்கள் அங்கே படித்தவர்கள். நம் இந்தியப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்தார்கள். டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் நகராட்சித் தொழிலாளியாக இருந்த என் அப்பா, படித்தவர் யாரையாவது காட்டி "ஃபோர்ட் ஹேர் ஆளு" என்றால் குரலே மாறிவிடும். 1959-இல் ஒரு சட்டம் வந்தது. வெள்ளையர் அல்லாதவர்கள் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் (விட்ஸ்), நட்டால் போன்ற பல்கலைக்கழகங்களில் சேர அமைச்சரின் அனுமதி வேண்டும், இனத்துக்கு ஒரு கல்லூரி என்று பிரித்தார்கள். ஃபோர்ட் ஹேரை அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டு கோசா மக்களுக்கான கல்லூரியாகச் சுருக்கியது. இன்று சாட்ஸ்வொர்த்தில் ஒரு பிள்ளையிடம் ஃபோர்ட் ஹேர் என்று சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று கேட்கும்.

நமக்கு வந்தது சாலிஸ்பரி தீவு. டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த தீவு அது. கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில் 1961-இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியைத் திறந்தார்கள். நான் 1968-இல் சேர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே கப்பல்கள், உள்ளே வகைநுண்கணிதம். எனக்குக் கிடைத்த கணக்கு ஆசிரியர் ஒருவர் ஒரே தேற்றத்தை மூன்று வழியில் நிறுவிக்காட்டி, எது அழகு என்று எங்களிடம் கேட்பார். நான் பிறகு 31 ஆண்டு வகுப்பில் நின்றது அவர் கொடுத்த பலத்தில்தான். ஆனால் வெளியே எங்கள் பட்டத்துக்கு "புஷ் காலேஜ்", அதாவது காட்டுக் கல்லூரிப் பட்டம் என்று ஏளனப் பெயர். வேலை கேட்டுப் போன ஒரு பள்ளியில், நேர்காணல் எடுத்தவர் என் சான்றிதழைத் திருப்பிப் பார்த்து, "இது எந்த ஊர் கல்லூரி?" என்று கேட்டார். துறைமுகம் அந்த ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

அந்தக் கல்லூரி பிறகு வெஸ்ட்வில் மலைக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரு காலத்தில் எங்களுக்குக் கதவு மூடிய நட்டாலும், "புஷ்" என்று பிறர் சொன்ன எங்கள் கல்லூரியும் இன்று ஒரே சான்றிதழில் இருக்கின்றன. என் பேத்தியின் பட்டத்தில் இருக்கும் பெயர் நான் படித்தபோது உலகத்திலேயே இல்லை. இந்த ஒரு ஊரில் ஒரு ஆயுளுக்குள் இவ்வளவு மாறியிருக்கிறது என்றால், பதினேழு வயதுப் பிள்ளையின் நாற்பது ஆண்டு வேலைக்காலத்துக்கு வெறும் பெயரை எப்படி நம்புவது?

சரி, பெயரை விட்டால் எதைப் பார்ப்பது? துறையைப் பாருங்கள். பல்கலைக்கழகம் என்பது பல வீடுகள் உள்ள ஒரு தெரு. எல்லா வீட்டிலும் ஒரே சமையல் இருக்காது. கால்நடை மருத்துவம் படிக்க இந்த நாட்டில் ஒரே இடம்தான், பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட். சுரங்கப் பொறியியல் என்றால் விட்ஸ், ஜோஹானஸ்பர்க் தங்கத்தோடு வளர்ந்தது. திராட்சையும் ஒயினும் என்றால் ஸ்டெலன்போஷ். கரும்புக்கு நம் ஊர்தான். 1949-இல் தொடங்கிய கரும்பாலை ஆராய்ச்சி நிலையம் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது. என் பேத்திக்குக் கேப் டவுனில் பொதுவான பி.எஸ்சி. இடமும், இங்கே வேதிப் பொறியியல் இடமும் கிடைத்தன. "ஆயா, கேப் டவுன் பேரு பெரிசு" என்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஹோவர்ட் காலேஜுக்குப் போனேன். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைக் காட்டி, என் பாட்டனாரின் அப்பா எந்தக் கரும்புக்காகக் கப்பல் ஏறினாரோ அந்தக் கரும்பைப் பற்றி இங்கே படித்தவர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்றேன். அவள் முடிவெடுக்க இரண்டு வாரம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

உலகத் தரவரிசைப் பட்டியலைக் காட்டி வாதாடுவார்கள் பிள்ளைகள். பட்டியல் எதை அளக்கிறது என்று கேளுங்கள். 2003-இல் வந்த ஷாங்காய் பட்டியல் நோபல் பரிசு, ஆய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றை எண்ணுகிறது. க்யூ.எஸ். பட்டியலில் பெரிய பங்கு, மற்றப் பேராசிரியர்கள் அந்தப் பெயரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக்கணிப்புக்கு. முதலாண்டுப் பிள்ளைக்குக் கணக்கு புரியாதபோது ட்யூட்டோரியலில் யார் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள் என்பதை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் உதவும். முதல் பட்டத்துக்கு அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தொழிற்படிப்பு என்றால் பெயரைவிடப் பெரியது பதிவு. மருத்துவர் எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிய வேண்டும், பொறியாளர் எக்ஸா என்ற பொறியியல் மன்றத்தில், ஆசிரியர் சேஸ் என்ற ஆசிரியர் மன்றத்தில். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆகவேண்டுமானால் சைக்கா என்ற கணக்காளர் அமைப்பு ஏற்றுக்கொண்ட பாடத்திட்டமாக இருக்க வேண்டும். அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் ஏற்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தின் விளம்பரத் தாளை நம்பாமல் அந்தப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

இதைச் சொல்லும்போது டி.யு.டி. என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் டெக்னிக்கல் காலேஜ் என்றால் இன்னமும் ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள். எனக்கு அது வலிக்கும். எம்.எல். சுல்தான் அவர்கள் மலபார் கரையிலிருந்து 1890-இல் கூலி ஒப்பந்தத்தில் வந்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து, நம் பிள்ளைகள் தொழில் கற்கக் கல்லூரி எழுப்பினார். 2002-இல் அது டெக்னிகான் நட்டால் என்ற தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வழி ஆனது. என் தம்பி அங்கே மின்சார டிப்ளமோ படித்தான். எங்கள் வீட்டில் முதலில் சொந்த வீடு வாங்கியவன் பட்டம் வாங்கிய நான் இல்லை, அவன்தான். கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்கிற பிள்ளையை, பெயருக்காகத் தியரி வகுப்பில் உட்காரவைத்து மூன்று ஆண்டு வாட்டாதீர்கள்.

அப்புறம் கணக்கு. இதை மட்டும் எல்லோரும் தாமதமாகக் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை மேத்தமேட்டிக்ஸ் எடுக்கிறதா, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசி எடுக்கிறதா என்பதிலேயே பாதிக் கதவுகள் தீர்மானமாகிவிடுகின்றன. லிட்டரசியில் 90 வாங்கினாலும் பொறியியலும் மருத்துவமும் திறக்காது. "ரிப்போர்ட்டில் மார்க் நல்லா இருக்கும்" என்று மாற்றச் சொல்லும் பள்ளிகள் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளைக்கு என்ன ஆசை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மதிப்பெண் கணக்கை வீட்டிலேயே போடலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் 80-உம் அதற்கு மேலும் 7, 70-களுக்கு 6, 60-களுக்கு 5, 50-களுக்கு 4 என்று இறங்கும். இதைக் கூட்டினால் ஏ.பி.எஸ். என்ற சேர்க்கைப் புள்ளி. வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷனைப் பல இடங்களில் சேர்க்கமாட்டார்கள், சில பல்கலைக்கழகங்கள் சதவீதத்தையே நேராகக் கூட்டும். அதனால் ஒரு இடத்தின் எண்ணை இன்னொரு இடத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முதலில் இடம் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பதினொன்றைக் கைவிட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால், ஓராண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளும் விரிவுப் பாடத்திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். "நாலு வருஷமா? சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்பார்கள். முதலாண்டிலேயே தோற்று வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பணம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பியுங்கள். கூச்சம் வேண்டாம். 2015-இல் கட்டண உயர்வை எதிர்த்துப் பிள்ளைகள் தெருவில் நின்று போராடியதால்தான் இந்தக் கதவு இவ்வளவு அகலமானது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் என்ற அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டுமே அந்தப் பணம் வரும், தனியார் கல்லூரிக்கு வராது. கேப் டவுன் இங்கிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். அறை வாடகை, விடுமுறைக்கு வரும் பஸ் செலவு, உடம்பு சரியில்லாத இரவில் பக்கத்தில் யார் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். போகவேண்டிய காரணம் துறையில் இருந்தால் போகட்டும், நானே வழியனுப்ப வருவேன்.

தனியார் கல்லூரியில் மிகுந்த கவனம் வேண்டும். என் தங்கை மகன் ஊருக்குள் பளபளவென்று ஒரு மாடியில் திறந்த கல்லூரியில் சேர்ந்தான். பெயரில் "இன்டர்நேஷனல்" இருந்தது, சுவரில் கருப்பு அங்கி போட்ட பிள்ளைகளின் படம் இருந்தது. இரண்டாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை போனான், கதவில் பூட்டு. கட்டிய பணமும் போனது, இரண்டு ஆண்டும் போனது. அவன் பல மாதம் யாரோடும் பேசவில்லை. சேருவதற்கு முன் உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் அந்தக் கல்லூரியின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி பதிவாகியிருந்தால் மட்டும் போதாது, உங்கள் பிள்ளை படிக்கப்போகும் அந்தப் படிப்பும் சாக்கா என்ற தகுதிச் சான்று ஆணையத்தின் பட்டியலில் தனியாக இருக்க வேண்டும். அரை மணி நேர வேலை இது. தங்கை அன்று என்னைக் கேட்டிருந்தால் நான் செய்திருப்பேன்.

முடிந்தால் ஒரு சாதாரண வேலை நாளில் வளாகத்துக்குப் போங்கள். ஓப்பன் டே அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். புதன்கிழமை பதினோரு மணிக்கு நூலகத்தில் உட்கார இடம் இருக்கிறதா பாருங்கள். அந்தத் துறையில் படிக்கும் இரண்டாமாண்டுப் பிள்ளையிடம், "புரியலைன்னா யார்கிட்ட போவீங்க?" என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் நல்ல துறை.

விண்ணப்பம் போடுவது எளிது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சி.ஏ.ஓ. என்ற மையச் சேர்க்கை அலுவலகத்தில் ஒரே விண்ணப்பம். ஆறு படிப்புகள் வரை தேர்வு செய்யலாம். உண்மையில் பிள்ளை விரும்புவதை முதலில் போடுங்கள், மாமா விரும்புவதை இல்லை. ஆறையும் மருத்துவம் மாதிரி எட்டாத உயரத்திலேயே வைக்காதீர்கள், கடைசி இரண்டு கட்டாயம் கிடைக்கக்கூடியவையாக இருக்கட்டும். மற்ற மாகாணங்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே போட வேண்டும். மருத்துவத்துக்கு மற்றப் படிப்புகளுக்கு முன்னதாகவே கதவு மூடிவிடும், ஆகவே கூழ் ஊற்றும் வரை காத்திருக்காமல் அதை முதலில் போடுங்கள்.

உதவி வேண்டுமானால் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு ரிப்போர்ட், அடையாள அட்டையின் நகல், பெற்றோரின் சம்பளச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். நான் முதலில் பேசப்போவது பிள்ளையிடம்தான்.