மறதி நோய்க்கு ஊசி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் செய்யக்கூடாத தவறுகள்

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் கடை வைத்திருக்கும் சொந்தக்காரத் தம்பி போன வாரம் போன் செய்தார். "அக்கா, மறதி நோய்க்குத் தடுப்பூசி வந்துருச்சாமே? அம்மாவுக்கு ஒண்ணு போட்டுரலாம்னு இருக்கேன். சேலத்துல எங்க போடறாங்க?"

அவர் அம்மாவுக்கு 72 வயது. ஆறு மாதமாகச் சொன்னதையே சொல்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். என் அப்பா அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். அல்சைமர் என்ற மறதி நோயோடு ஒன்பது வருஷம் இருந்துவிட்டுப் போனார். அதனால் சொந்தத்தில் யாருக்கு மறதி வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்காகப் படிக்கத் தொடங்கி, அவர் போன பிறகும் படிப்பதை விடாதவள். அன்று தம்பியிடம் பேசியதை இங்கே எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

முதல் தவறு அந்தத் 'தடுப்பூசி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. நாய் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அங்கே இரண்டு வகை மருந்து உண்டு. ஒன்று தடுப்பூசி. அது நம் உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) உடம்பே தயாரிக்க வைக்கும். இன்னொன்று, காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின். அது வெளியிலேயே தயாரான எதிர்ப்பொருள். அல்சைமருக்கு இப்போது அங்கீகாரம் பெற்றிருக்கும் லெக்கனிமாப், டோனானிமாப் இரண்டும் இந்த இரண்டாவது ரகம். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதக் கசடைத் தேடிப் பிடித்து அகற்ற, ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்பொருள்கள். ஒரு தடவை போட்டால் தீர்ந்தது என்ற பேச்சே இல்லை. லெக்கனிமாபைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டோனானிமாபை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, டிரிப்ஸ் மாதிரி நரம்பில் ஏற்ற வேண்டும். நோய் வராமல் தடுப்பதற்கென்று இரண்டையுமே அங்கீகரிக்கவில்லை.

உண்மையான தடுப்பூசிக்கும் முயன்றார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் செய்திகளை எடைபோட முடியாது. 1999இல் டேல் ஷெங்க் என்ற விஞ்ஞானியின் குழு, அமிலாய்டையே ஊசியாக எலிகளுக்குப் போட்டது. இளம் எலிகளின் மூளையில் கசடு ஏறக்குறையப் படியவே இல்லை, வயதான எலிகளில் அது படிவதும் குறைந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து ஏஎன்-1792 என்ற பெயரில் மனிதர்களிடம் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையழற்சி வந்தது. 2002 தொடக்கத்தில் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். டி செல்கள் என்ற, உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அளவுக்கு மீறிக் கிளம்பியதுதான் காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. அதன்பின் வந்த தடுப்பூசிகள் அமிலாய்டை முழுசாகப் போடாமல், டி செல்லைத் தூண்டாத சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. டௌ என்ற இன்னொரு புரதத்தைக் குறிவைக்கும் தடுப்பூசிகளும் ஆய்வில் உள்ளன. ஒன்றுகூட மருந்துக்கடை வரைக்கும் வரவில்லை. "எலிக்குக் குணமாயிருச்சாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், எனக்கு அந்த 18 பேர் நினைவுதான் வரும்.

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஊசி போட்டுக்கொண்ட சிலர் பின்னாளில் இறந்தபோது மூளையைப் பரிசோதித்தார்கள். சிலருக்குக் கசடு அநேகமாகத் துடைத்தாற்போல் போயிருந்தது. ஆனாலும் அவர்கள் கடைசி நாட்களில் முற்றிய மறதியோடுதான் இருந்தார்கள். கசடு போனால் நினைவு திரும்பிவிடும் என்று நம்புவது இரண்டாவது தவறு. தம்பியை இங்கேதான் ரொம்ப நேரம் நிறுத்திவைத்தேன்.

லெக்கனிமாப் ஆய்வில் 1,795 பேர் சேர்ந்தார்கள். 18 மாதம் நடந்தது. நினைவு, வீட்டு வேலை, தன்னைக் கவனித்துக்கொள்வது என்று ஆறு விஷயங்களைச் சேர்த்து 18 புள்ளி வரை போகும் ஓர் அளவுகோல் உண்டு. புள்ளி ஏறினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெற்று மருந்து (உள்ளே மருந்தே இல்லாத ஊசி) வாங்கியவர்களுக்கு 1.66 ஏறியது. லெக்கனிமாப் வாங்கியவர்களுக்கு 1.21. செய்தியில் வரும் '27 சதவீதம்' இந்த 0.45 வித்தியாசம்தான். இரண்டு பக்கமும் நோய் வளர்ந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் மெதுவாக. மருந்து தருவது அந்தத் தாமதத்தை மட்டுமே. அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. என் அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் இன்னும் நாலு மாதம் நீண்டிருக்கும் என்றால், அதற்கு நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு வைத்த பட்டியல் விலை ஆண்டுக்கு 26,500 டாலர்.

ஒரு நாட்டில் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பதே போதுமான சான்று என்றும் எண்ணிவிடாதீர்கள். இதே ரகத்தைச் சேர்ந்த அடுகானுமாப் என்ற மருந்தை 2021 ஜூனில் அமெரிக்கா அங்கீகரித்தது, அதுவும் நிபுணர் குழு ஆதரிக்காத நிலையில். 2024இல் அதைத் தயாரித்த நிறுவனமே மருந்தைக் கைவிட்டது.

அடுத்த தவறு எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு முதலில் தப்பியது ஆள் பெயர் இல்லை, கரையில் எத்தனை இழை என்ற கணக்கு. நாற்பது வருஷம் கை பழகிய கணக்கு அது. வேட்டி பாழானபோது, "கண்ணு மங்கிருச்சு" என்று கண்ணாடி மாற்றினோம். காட்டிய இடத்திலும் "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள், நாங்களும் நிம்மதியாகத் திரும்பிவிட்டோம். செவ்வாய்ப்பேட்டைக்குச் சாமான் வாங்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல் பழைய பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் மூன்று வருஷம் ஓடியிருந்தது. புதிய மருந்துகள் லேசான மறதியிலும் நோயின் ஆரம்பக் கட்டத்திலும் இருப்பவர்களிடம்தான் சோதிக்கப்பட்டன, அவர்களுக்கு மட்டுமே தரப்படுகின்றன. இன்று எல்லா வசதியும் இருந்திருந்தாலும், நாங்கள் அப்பாவைக் கூட்டிப்போன கட்டத்தில் அந்த ஊசி அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆரம்பக் கட்டமாகவே இருந்தாலும், மறதி அல்சைமரால்தான் என்று உறுதிப்படுத்த வேண்டும். அமிலாய்டு இருப்பதை பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர் போன்ற பரிசோதனையில் பார்த்த பிறகே மருந்து. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை: பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு மெல்லக் கட்டும் இரத்தம், தூக்கத்துக்கோ வேறெதற்கோ தின்னும் மாத்திரைகள். இவற்றால் வரும் மறதியைப் பல நேரம் சரிசெய்யவே முடியும்.

மருத்துவரிடம் மறைப்பது உயிருக்கே ஆபத்தான தவறு. இந்த ஊசிகளால் சிலருக்கு மூளையில் வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் வருகின்றன. ஸ்கேனில் வீக்கம் தெரிந்தவர்கள் லெக்கனிமாப் ஆய்வில் 12.6 சதவீதம், டோனானிமாப் ஆய்வில் 24 சதவீதம். பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, சிலர் இறந்தும் இருக்கிறார்கள். ஏபிஓஇ4 என்ற மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து இரட்டையாக இருந்தால் ஆபத்து கூடுதல். இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். இந்த ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்குப் பக்கவாதம் வந்து, மூளையில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து ஏற்றியதில் மூளையில் இரத்தம் கசிந்து இறந்த சம்பவம் உண்டு. தொடக்க மாதங்களில் எம்.ஆர்.ஐ. திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது சிரமம் என்று ஒரு ஸ்கேனைத் தள்ளிப்போடுவீர்கள் என்றால், இந்தச் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்று தம்பியிடம் சொன்னேன்.

அக்கி ஊசி பற்றியும் கேட்டார். அது வேறு கதை. வேல்ஸ் நாட்டில் 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இல்லை, அன்றும் பின்னும் பிறந்தவர்களுக்கு உண்டு என்று விதி வைத்தார்கள். சில வார வித்தியாசத்தில் பிறந்த இரு தரப்பையும் ஏழு ஆண்டுகள் ஒப்பிட்டதில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. ஆனால் நோய் வந்துவிட்டவருக்கு இதை மருந்தாகப் போட நினைப்பது அவசரப்பட்ட முடிவு. வயதானவர்களுக்கு அக்கி வராமலிருக்கப் போடுவது தனிக் காரணம், அதை டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம்.

ஆய்வில் சேர்த்துவிடுவதாக யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதைப் போனிலேயே பார்க்கலாம். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று மருந்துச் சோதனைகளுக்கான 2019 விதிகள் சொல்கின்றன. பாதிப் பேருக்கு வெற்று மருந்துதான் கிடைக்கலாம் என்பதைத் தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

புது ஊசி வரட்டும் என்று, மறதி நோய்க்கு இப்போது சாப்பிடும் டோனெபிசில் மாத்திரையை நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். தம்பியின் அம்மா இன்னும் மாத்திரை தொடங்கும் கட்டத்துக்கே வரவில்லை. கேஸை மூடாமல் விட்டது, ஆள் அடையாளம் தப்பியது என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலம் வந்தார். பி12க்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை வரும், நரம்பியல் டாக்டரை அதற்குப் பிறகு பார்க்கிறோம்.