பையனோட மைவி காரை இடிச்சிட்டாங்களா, கேளுங்க
மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை லோரி வர்ற ரோட்டுல போன மாசம் எங்க பெரியவன் மைவிய பின்னால வந்த ஹைலக்ஸ் மோதிருச்சி, பையனுக்கு 19, பி லைசென்ஸ் (புதுசா ஓட்டறவங்களுக்கு குடுக்கறது), கை நடுங்கிக்கிட்டு நிக்கறான். நான் போய் சேர்றதுக்குள்ள ரெண்டு தோவ் லோரி (அடிபட்ட காரை இழுத்துட்டு போறது) வந்துருச்சி, எவன் சொன்னானோ தெரியல! அவனுங்க நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க, இன்சூரன்ஸ் நம்பருக்கு அடிச்சா அவங்களே லோரி அனுப்புவாங்க. முதல்ல ரெண்டு நம்பர் பிளேட்டும் ரோடும் ஒண்ணா தெரியற மாதிரி போட்டோ எடுத்துட்டு, 24 மணி நேரத்துக்குள்ள பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ரிப்போர்ட் போட்டுருங்க.

முக்கியமானது இதுதான், தப்பு நம்ம மேல இல்லன்னா, நம்மகிட்ட கொம்ப்ரிஹென்சிவ் (நம்ம கார் சேதத்துக்கும் சேர்த்து குடுக்கற இன்சூரன்ஸ்) இருந்தா, 'நாக் ஃபார் நாக்' கிளேம்னு கேளுங்க. நம்ம இன்சூரன்ஸே ரிப்பேர் பண்ணும், என்சிடி (கிளேம் பண்ணாம இருந்தா வருஷா வருஷம் ஏர்ற தள்ளுபடி) போகாது. 55% வரைக்கும் ஏத்தி வச்சத சும்மா விடலாமா? ஆனா தப்பு நம்ம பையன் மேலன்னா என்சிடி போயிரும், அதோட 21 வயசுக்கு கீழன்னாலோ பி லைசென்ஸ்னாலோ 400 வெள்ளி எக்ஸஸ், அதாவது ரிப்பேர் செலவுல நாம கட்டற பங்கு, நம்ம கையிலேர்ந்துதான். பாலிசில பேரு இல்லாத ஆள் ஓட்டுனாலும் அதே 400, அதனால ரினியூ பண்றப்ப பையன் பேரையும் சேர்த்துருங்க, ஆனா 21 வயசாகி பி லைசென்ஸும் முடியற வரைக்கும் பேரு இருந்தாலும் அந்த 400 இருக்கும்.